பழைய வழிமண்டபத்துக்குச் சேவைச் சங்கம் வந்தால் என்ன நடக்கும்? குமரி மாவட்டச் சத்திரங்களின் உரிமை, சட்டம், பழுதுபார்ப்பு

ரோட்டரி, அரிமா போன்ற சேவைச் சங்கங்களின் உறுப்பினர்கள் பழைய சத்திரம் ஒன்றையோ சாலையோரக் கல்மண்டபம் ஒன்றையோ பார்வையிட்டார்கள் என்ற செய்தி வந்தவுடன், ஊரில் வெவ்வேறு விதமான பேச்சு எழுவது வழக்கம். சங்கம் அந்த மண்டபத்தைத் தத்தெடுத்துவிட்டது என்பார்கள் சிலர். தொல்லியல் துறை அதை எடுத்துக்கொள்ளப் போகிறது, இனி அக்கம்பக்கத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது என்று அஞ்சுவார்கள் வேறு சிலர். நன்கொடையும் ஆட்களும் தயாராக இருக்கும்போது உடனே வெள்ளையடித்துத் தரை போட்டுவிடலாமே என்று சங்கத்துக்குள்ளேயே கேட்பவர்களும் உண்டு. முதல் இரண்டு பேச்சுக்கும் சட்டத்தில் அடிப்படை இல்லை; மூன்றாவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சேதமாக முடியக்கூடியது. ஒரு பார்வையிடலால் எது மாறும், எது மாறாது என்பதை அறிய, இக்கட்டடங்கள் எப்படி நடத்தப்பட்டன, இன்று யாருடைய பெயரில் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சத்திரம் என்ற ஒரே பெயருக்குள் பல கட்டடங்கள்

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் சத்திரம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் குமரி மாவட்டத்தில் வழிப்போக்கருக்காக எழுந்த கட்டடங்கள் ஒரே வகையானவை அல்ல.

1. வழியம்பலம் அல்லது கல்மண்டபம்: தூண்கள், அவற்றின்மேல் உத்தரம், அதன்மேல் கற்பலகைகள் பாவிய கூரை, பெரும்பாலும் சுவரோ கதவோ கிடையாது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவும் இரவில் படுக்கவும் உரிய இடம். பக்கத்தில் கிணறோ குளமோ கல்தொட்டியோ இருக்கும்.

2. சுமைதாங்கி: இரண்டு செங்குத்துக் கற்களின்மேல் ஒரு குறுக்குக் கல். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் தோளுயரத்தில் அமைந்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இதை நடுவது தமிழகம் முழுவதும் இருந்த வழக்கம்.

3. ஊட்டுப்புரை: சோறு போடும் சாலை. பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கும் இரண்டடுக்கு ஊட்டுப்புரையில் ஏறத்தாழ 2000 பேர் உண்ண இடமுண்டு என்று கூறப்படுகிறது.

4. சத்திரம்: அறைகள், சமையற்கட்டு, சில இடங்களில் மாட்டுக்கும் வண்டிக்கும் இடம் என்று முழு அமைப்போடு, தனியாரோ அரசோ எழுதிவைத்த சொத்தின் வருமானத்தில் நடந்தது.

5. முசாபரி பங்களா: முன்பு இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு பிற்காலத்தில் தன் அதிகாரிகளின் பயணத்துக்காகக் கட்டியது. இது அறத்துக்காக எழுந்ததல்ல, நிர்வாகத்துக்காக எழுந்தது.

இந்த வேறுபாடு முக்கியம். ஒவ்வொரு வகைக்கும் பணம் வந்த வழி வேறு. ஆகவே இன்று உரிமை தேட வேண்டிய பதிவேடும் வேறு.

ஏன் இவ்வளவு மண்டபங்கள் இங்கே

திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவனந்தபுரம் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்து, தோவாளை, கோட்டாறு, வில்லுக்குறி, தக்கலை, குழித்துறை, களியக்காவிளை என்று கடந்தார்கள். கோட்டாறு பழைய வணிக ஊர். சோழர் காலத்தில் மும்முடிச் சோழபுரம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. அங்கிருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்கு யாத்திரை வழி பிரிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காவலும் சுங்கமும் இருந்தன. அங்கே காத்திருக்க வேண்டியவர்களுக்கு நிழல் வேண்டும். பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் மழைக்காலத்தில் பெருகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. பாலம் இல்லாத காலத்தில், ஆற்றின் கரையில் வெள்ளம் வடியும்வரை ஆளும் சுமையும் மாடும் தங்க இடமில்லையென்றால் வணிகம் நின்றுபோகும்.

வழிப்போக்கரைக் காப்பதற்கும் முன்பே, சொத்து எழுதிவைத்து உணவும் உறைவிடமும் தரும் முறை இம்மண்ணில் ஆவணத்தோடு கிடைக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலையும் அதையொட்டி 95 சட்டர்களுக்கான, அதாவது மாணவர்களுக்கான, சாலை என்ற கல்விக்கூடத்தையும் நிறுவிய செய்தியைச் செப்பேடு கூறுகிறது. மாணவர்களைக் கொண்ட அந்தச் சாலையும் பிற்காலச் சத்திரமும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டுக்கும் அடியில் இருந்த ஏற்பாடு ஒன்றே: நிலத்தைத் தனியே ஒதுக்குவது, அதன் விளைச்சலை ஒரு பயனுக்கு மட்டும் கட்டுவது, அதைக் கவனிக்க ஆளை நியமிப்பது. இதைத்தான் கட்டளை என்றார்கள். கட்டடம் கட்டளையின் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. வயலும் தோப்பும் குளமும் அதன் மறுபகுதி. இன்று பார்வையிடச் செல்வோர் தூண்களைப் பார்க்கிறார்கள். அந்தத் தூண்களைப் பல தலைமுறைகள் நிற்கவைத்த வயல் எங்கே போனது என்று கேட்பவர் மிகச் சிலரே.

யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு இல்லை

பழைமையைப் போற்றும் உரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது, விடுபடக் கூடாது. திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகளில் இலவச உணவு முதன்மையாகப் பிராமணர்களுக்கே வழங்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்குக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே உரிமையில்லை. அந்த உரிமைக்காகத்தான் 1926-இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது. அடிமைமுறை இச்சமஸ்தானத்தில் 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. ஊழியம் என்ற பெயரில் கூலியின்றி வேலை வாங்கும் வழக்கமும் இருந்தது. ஆகவே கல்லைச் சுமந்தவரும் தூணை நிறுத்தியவரும் அந்த மண்டபத்தின் நிழலில் உட்கார முடிந்ததா என்பது ஒவ்வொரு கட்டடத்தைப் பற்றியும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இதற்கு எதிரான மரபும் இதே மாவட்டத்தில் எழுந்தது. 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த அய்யா வைகுண்டர் சுவாமிதோப்பில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் எடுக்க முத்திரிக்கிணற்றை ஏற்படுத்தினார். சாதி பாராமல் உடன் அமர்ந்து உண்ணும் வழக்கத்தையும் உண்டாக்கினார். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். சங்கம் ஒன்று மண்டபத்தின் முன் விளக்கப் பலகை வைக்க நினைத்தால், கட்டிய அரசரின் பெயரோடு இந்த வரலாறும் அதில் இடம்பெற வேண்டும். அது மண்டபத்தின் மதிப்பைக் குறைக்காது. அதை முழு வரலாற்றுச் சான்றாக்கும்.

ஏன் ஓய்ந்தன

மோட்டார் வாகனம் வந்ததே நேரடிக் காரணம். திருவிதாங்கூர் அரசு 1938-இல் தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. இரயில் பாதை இம்மாவட்டத்தை எட்டியதோ 1979-இல்தான். ஒரு நாள் நடைவழி ஒன்றிரண்டு மணிநேரமாகச் சுருங்கியபோது இடையில் தங்கும் தேவையே இல்லாமல் போனது.

நிர்வாகக் காரணம் இதைவிடப் பழையது. ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் சமஸ்தானத்தின் தலைமை அமைச்சரான திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ காலத்தில், 1811-ஐ ஒட்டி, பெரும் எண்ணிக்கையிலான கோயில்களின் சொத்துகளை அரசு ஏற்றுக்கொண்டது. அதுவரை ஊர்ப்பொறுப்பில் கிடந்த பல நிலங்களின் வருமானம் அரசு வருவாயோடு கலந்தது. குறிப்பிட்ட நிலம் குறிப்பிட்ட பயனுக்கு என்ற நேர்ப்பிணைப்பு அங்கே தளர்ந்தது. அடுத்த பெரிய மாற்றம் 1956 நவம்பர் 1.

இன்று யாருடைய சொத்து

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. சொத்துகளின் பொறுப்பு ஒரே சீராகப் பிரியவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதன் பராமரிப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. கோயில்களுக்கோ அரசியலமைப்பிலேயே தனி ஏற்பாடு உண்டு: 290அ பிரிவின்படி, அந்த நாளில் மாற்றப்பட்ட பகுதியிலுள்ள கோயில்களின் பராமரிப்புக்காகத் தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கோயில்களுக்கான தேவஸ்வ நிதிக்குச் செல்ல வேண்டும். இன்றைய விலைவாசியில் இத்தொகை பல கோயில்களுக்கிடையே எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கோயிலைச் சார்ந்த மண்டபமும் சத்திரமும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

ஒரு மண்டபத்தின் உரிமை கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

1. கோயில் அல்லது தேவஸ்வச் சொத்து. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், அறக்கட்டளை என்பதற்கு 6-ஆம் பிரிவில் தரும் வரையறையில் தங்கும் விடுதிகளையும் சத்திரங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே கோயிலுக்கு வெளியே, சாலையோரத்தில் தனியாக நின்றாலும் அது அச்சட்டத்துக்கு உட்பட்டிருக்கலாம். அத்தகைய அசையாச் சொத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்குக் கொடுக்க 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதி வேண்டும். கோயில் அலுவலரோ அறங்காவலரோ வாய்மொழியாகச் சம்மதித்தார் என்பதைக் கொண்டு சங்கம் ‘தத்தெடுத்தோம்’ என்று பலகை வைக்க முடியாது.

2. புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலகத்திலுள்ள ‘அ’ பதிவேட்டில் மண்டபம், சத்திரம், பாதை என்ற குறிப்போடு அரசு நிலமாக இருக்கும். பொறுப்பு வருவாய்த் துறைக்கோ உள்ளாட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உரியது.

3. குடும்ப அறக்கட்டளை. வணிகரோ நிலக்கிழாரோ எழுதிவைத்தது. மரபுரிமையர் இன்றும் இருக்கலாம். பட்டா அவர்கள் பெயரில் மாறியும் இருக்கலாம்.

4. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். சிதறால் சமணச் சின்னங்களும் வட்டக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. சாலையோர மண்டபங்களில் இந்தத் தகுதி பெற்றவை அரிது.

எது என்பதைக் கட்டடத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. ‘அ’ பதிவேட்டின் பகர்ப்பும் புலப்பட நகலும் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பழைய திருவிதாங்கூர்ப் பதிவுகளில் பண்டாரவகை (அரசுக்குரியது), தேவஸ்வம் (கோயிலுக்குரியது) போன்ற குறிப்புகள் வரும். அவற்றைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வருவாய் அலுவலர் ஒருவர் சங்கத்தோடு வந்தால், அவர் உதவி பெரிய நன்கொடையைவிட மேலானது.

பாதுகாப்புச் சட்டம் எப்போது வரும்

நூறு ஆண்டு கடந்த கட்டடம் எல்லாம் தானாகவே நினைவுச்சின்னம் ஆகிவிடாது. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, குறைந்தது நூறு ஆண்டு பழைமை என்பது அறிவிக்கப்படுவதற்கான தகுதி மட்டுமே. அரசு முதலில் தன் நோக்கத்தை அறிவித்து, இரண்டு மாதங்களுக்குள் வரும் ஆட்சேபணைகளைக் கேட்டு, அதன்பிறகே இறுதி அறிவிக்கை வெளியிடும். அந்த அறிவிக்கைக்குப் பின்தான், 2010 திருத்தத்தின்படி, 100 மீட்டர் வரை கட்டுமானத் தடையும் அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன்அனுமதி முறையும் வரும். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அதிலும் அறிவிக்கையே தொடக்கம்.

ஆகவே ஒரு சங்கம் வந்து படம் எடுத்துச் சென்றதனால் பக்கத்து வீட்டுக்காரரின் கட்டட அனுமதி பாதிக்கப்படாது. இந்த அச்சம் காரணமாகவே சில இடங்களில் ஊரார் பழைய கல்வெட்டைக் காட்டத் தயங்குகிறார்கள். பார்வையிடச் செல்வோர் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘மரபைத் தத்தெடுப்போம்’ திட்டத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அத்திட்டத்தில் நிறுவனம் ஒன்று அரசோடு ஒப்பந்தம் செய்து, நினைவுச்சின்னத்தில் பார்வையாளருக்கான வசதிகளை ஏற்படுத்துகிறது, உரிமை மாறுவதில்லை. புறம்போக்கில் நிற்கும் மண்டபத்துக்கு அது பொருந்தும் என்று கருத இடமில்லை.

ஒரு பார்வையிடலில் செய்யத்தக்க வேலை: பதிவு

சேவைச் சங்கத்தின் வருகை தரக்கூடிய மிகப் பெரிய பயன் பழுதுபார்ப்பு அன்று, தேதியிட்ட பதிவு. இதற்கு எவரிடமும் அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பச் சொத்தாக இருந்தால் மட்டும் உரிமையாளரின் சம்மதம் தேவை. மண்டபத்தின் நீளம், அகலம், தூண்களின் எண்ணிக்கை, உயரம், சாய்ந்த தூண்கள், விரிசல்கள், காணாமற்போன கற்கள், கிணறு, புல எண், இருப்பிடக் குறியீடு ஆகியவற்றை எழுதி, நான்கு திசையிலிருந்தும் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் ஒன்றை வைத்தால், அது எந்த அலுவலகத்திலும் ஏற்கத்தக்க சான்றாகும்.

கல்வெட்டு இருந்தால் கவனம் கூட வேண்டும். இப்பகுதிக் கல்வெட்டுகள் தமிழ் எழுத்திலோ வட்டெழுத்திலோ இருக்கலாம். வட்டெழுத்து பாண்டிநாட்டில் மறைந்த பின்னும் திருவிதாங்கூரில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. பல கல்வெட்டுகள் கேரளப் பகுதியில் வழங்கிய கொல்லம் ஆண்டைக் குறிப்பிடும். ஆவணி மாதம் அந்த ஆண்டு பிறப்பதால், கிறித்து ஆண்டை அறிய, ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824-உம், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825-உம் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, குளச்சல் போர் நடந்தது கொல்லம் 916 ஆடி; 825 கூட்டினால் 1741. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது கொல்லம் 1112 ஐப்பசி. 824 கூட்டினால் 1936. இந்தச் சிறிய கணக்கு தெரியாமல், கல்லிலுள்ள எண்ணைக் கிறித்து ஆண்டாக எடுத்துக்கொண்டு ‘ஆயிரம் ஆண்டுப் பழைமை’ என்று எழுதிவிடும் பிழை எளிதில் நேரக்கூடியது.

எழுத்துத் தெரியவில்லை என்பதற்காகக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், ஆணியால் கோட்டைக் கீறித் தெளிவாக்குவதும், எண்ணெய் பூசுவதும், சுண்ணாம்போ பெயின்டோ நிரப்புவதும் கூடவே கூடாது. மாலையில் சாய்ந்த வெயிலிலோ, இருட்டிய பின் பக்கவாட்டில் பிடித்த கைவிளக்கின் ஒளியிலோ படமெடுத்தால் எழுத்து துலங்கும். கல்வெட்டின்மேல் தாளை ஒற்றிப் படியெடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதினால் போதும். துப்புரவின்போது மண்ணுக்குள்ளிருந்து சிலையோ காசோ கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி தகவல் தருவது கட்டாயம். உடனடியாகக் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பழுதுபார்ப்பில் நேரும் சேதம்

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் எழும் முதல் ஆசை சிமென்ட் பூச்சு. பல கல்மண்டபங்களில் தூணும் உத்தரமும் கூரைப்பலகையும் சாந்தில்லாமல், ஒன்றன் பாரம் மற்றொன்றை அழுத்தி நிறுத்தும் முறையில் அடுக்கப்பட்டவை. கூரையின் மேல்தளம் மட்டும் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்ந்த காரையால் மூடப்பட்டிருக்கும். சுண்ணாம்புக் காரை உள்ளே புகுந்த ஈரத்தை மெதுவாக வெளியே விடும். சிறிய அசைவுக்கும் இடம் கொடுக்கும். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைக்கும். அதிலுள்ள உப்புகள் கல்லின் மேற்பரப்புக்கு வந்து படிந்து அதை உதிரச் செய்யும். செங்கல் கட்டுமானத்தில் சிதைவு இன்னும் வேகமாக நடக்கும். இரு பருவமழையும் கடற்காற்றும் உள்ள மாவட்டத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து அரைக்கும் முறை தெரிந்த கொத்தனார்கள் இன்றும் கோயில் திருப்பணிகளில் வேலை செய்கிறார்கள். கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் அதற்காக வெளியூர் செல்ல வேண்டியதும் இல்லை. செலவும் நாளும் கூடும் என்பது உண்மைதான். அதைத் தாங்க முடியாவிட்டால், தளத்தில் நீர் தேங்காமல் வழிசெய்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது, தவறான பொருளால் பூசுவதைவிட நல்லது.

கூரையில் முளைத்த அரசையும் ஆலையும் பிடுங்கி இழுத்தால் வேரோடு கற்பலகையும் பெயரும். கிளையை வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்து, அது காய்ந்து சுருங்கிய பின் இடைவெளியை நிரப்ப வேண்டும். மணலை வீசிக் கல்லைத் தேய்க்கும் முறை அழுக்கோடு எழுத்தையும் சிற்பத்தையும் தின்றுவிடும். பளபளப்பான தரைஓடு, இரும்புக் கம்பிக் கதவு, நன்கொடையாளர் பெயர் பொறித்த சலவைக்கல் ஆகியவையும் தவிர்க்கத்தக்கவை. தூணில் துளையிட்டுப் பதித்த இரும்பு துருப்பிடித்துப் பருக்கும்போது தூணே வெடிக்கும்.

பணத்துக்கு வழி உண்டு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 135-ஆம் பிரிவின்கீழ் வரும் நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க இனங்களுள் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களின் சீரமைப்பையும் அதன் 7-ஆம் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. எனினும் ஒருமுறை வரும் பணத்தைவிட ஆண்டுதோறும் கூரையில் செடி அகற்றவும் கிணற்றைத் தூர்வாரவும் வரும் சிறு தொகையே மண்டபத்தைக் காக்கும். சங்கங்களில் தலைவரும் செயலாளரும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள்; ஒருவர் தொடங்கியது அடுத்தவருக்கு நினைவில்லாமல் போகும். ஆகையால் பராமரிப்பை எழுத்துவழி ஒப்பந்தமாக, உள்ளாட்சியையும் ஊர்மக்களையும் சேர்த்துச் செய்துகொள்வது அவசியம்.

சாலை விரிவாக்கமும் ஆட்சேபணை இல்லாத மண்டபமும்

இன்று வழிமண்டபங்களுக்கு உடனடியான ஆபத்து சாலை விரிவாக்கம். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது, 1956-ஆம் ஆண்டின் சட்டப்படி அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள், நிலத்தில் உரிமையோ நலனோ உள்ளவர் ஆட்சேபணை தெரிவிக்கலாம். தனியார் வீட்டுக்கு இழப்பீடு உண்டு. கோயில் நிலத்துக்காக அதன் நிர்வாகம் பேசும். புறம்போக்கில் நிற்கும் மண்டபத்துக்கோ கையகப்படுத்தலே தேவையில்லை. அது ஏற்கெனவே அரசின் நிலம். அதனால் எவருக்கும் அறிவிப்பு போகாது, எவரும் ஆட்சேபிக்க மாட்டார், இழப்பீட்டுக் கோப்பும் உருவாகாது. திட்ட வரைபடத்தில் அது ‘பழைய கட்டுமானம்’ என்ற குறிப்பாக மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

சாந்தில்லாமல் அடுக்கிய கல்மண்டபத்தை, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டுப் பிரித்து, சில மீட்டர் தள்ளி அதே வரிசையில் மீண்டும் நிறுத்துவது தொழில்நுட்பத்தில் இயலக்கூடியதே. ஆனால் அதற்குத் திட்ட மதிப்பீட்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இயந்திரம் வந்து நின்றபின் கேட்டால் நேரமும் நிதியும் இருக்காது. அளவுகளும் படங்களும் புல எண்ணும் கொண்ட பதிவின் நகல்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், மாநிலத் தொல்லியல் துறையிலும், நெடுஞ்சாலைத் துறையின் கோட்ட அலுவலகத்திலும் ஒப்புகைச் சீட்டோடு முன்கூட்டியே சேர்ந்திருந்தால், திட்டம் வகுக்கும் பொறியாளரின் மேசையில் அந்த மண்டபம் இருக்கும். பார்வையிடச் செல்லும் சங்கம் அந்த மூன்று உறைகளையும் அதே வாரத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.